பார்ட் மாற்றுவதற்கு முன்

1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு நிறுவனம் மஸ்டாங் காரை வெளியிட்டது. அதன் முதல் தலைமுறைக் கார்கள் அறுபது வயதை நெருங்கியும் தாண்டியும் அமெரிக்கச் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பலவற்றின் பானெட்டுக்குள் இருப்பது 289 கன அங்குலம், அதாவது 4.7 லிட்டர் கொள்ளளவுள்ள வி8 எஞ்சின். ஒரு கார்புரேட்டர், ஒரு டிஸ்ட்ரிபியூட்டர், ஒரு மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப். கம்ப்யூட்டர் என்ற பேச்சே கிடையாது. சொந்தக்காரர்கள் பலர் வீட்டு ஷெட்டில் வைத்துத் தாங்களே வேலை பார்க்கிறார்கள். கதவுக் கைப்பிடி முதல் முழு பாடி வரை இன்றும் புதிதாகத் தயாரித்து விற்கப்படுவதால் பார்ட்ஸுக்குப் பஞ்சம் இல்லை.

அந்த வசதிதான் தொல்லைக்கும் வழி வைக்கிறது. வண்டி திணறினால் கார்புரேட்டர், சூடேறினால் ரேடியேட்டர், இழுவை போதவில்லை என்றால் கேம்ஷாஃப்ட் என்று ஆர்டர் பறக்கிறது. பெட்டிகள் வந்து இறங்குகின்றன, பழையது கழன்று புதியது ஏறுகிறது, கோளாறு மட்டும் போன இடம் தெரியாமல் ஒளிந்திருந்து அடுத்த வாரம் திரும்பி வருகிறது. காரணம், அந்தக் காலத்து எஞ்சினில் கோளாறு பிறக்கும் இடம் ஒன்று, தலை காட்டும் இடம் வேறு. இன்னொன்றும் உண்டு. இன்றைய காரில் ஒரு பார்ட் சற்று மாறினால் கம்ப்யூட்டர் சரிக்கட்டிக்கொள்ளும். 289-இல் அந்த வேலையை 1960-களின் பொறியாளர் வரைபலகையிலேயே செய்து முடித்துவிட்டார். ஒவ்வொரு பார்ட்டும் பக்கத்துப் பார்ட்டை மனதில் வைத்து அளவெடுத்தது. அதனால் தனியே எடுத்து வைத்து 'நல்ல பார்ட்' என்று சொல்லத்தக்கது இந்த எஞ்சினில் ஏறக்குறைய எதுவும் இல்லை.

கோடையில் அதிகம் கேட்கும் புகாரை எடுத்துக்கொள்வோம். குளிர்ந்த எஞ்சின் நன்றாகக் கிளம்புகிறது. அரை மணி நேரம் ஓடியதும் திணறி நிற்கிறது. ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி ஓடுகிறது. பெட்ரோல் பக்கம் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. மெக்கானிக்கல் பம்ப் எஞ்சினின் முன்பக்கம் இருக்கிறது. டேங்க் பின்னால் இருக்கிறது. பம்ப் அவ்வளவு தூரத்திலிருந்து உறிஞ்சி இழுக்கும்போது குழாய்க்குள் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் எந்தத் திரவமும் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். பம்ப் உறிஞ்சுவது அப்போது திரவத்தை அல்ல, ஆவியை. இன்றைய கார்களில் பம்ப் டேங்குக்குள்ளேயே அமர்ந்து உயர்ந்த அழுத்தத்தில் முன்னோக்கித் தள்ளுகிறது. அங்கே இந்தத் தொல்லை அரிது. இன்றைய பெட்ரோலும் அந்தக் கார்களை நினைத்தே கலக்கப்படுகிறது. அமெரிக்காவில் 10 சதவீதம் எத்தனால் கலப்பு வழக்கமாகிவிட்டது; அது ஆவியாவதை இன்னும் எளிதாக்குகிறது.

மின்சாரப் பக்கம் இன்னொரு விளக்கம். இக்னிஷன் காயிலுக்குள் மெல்லிய கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கிறது. சூட்டில் கம்பி விரிந்து, நைந்த காப்புப் பூச்சின் வழியே மின்சாரம் கசியலாம். டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள கண்டன்சரும் இதே ரகம்: ஆறியிருக்கும்போது நல்ல பிள்ளை, சூடானதும் கைவிரிக்கும். வண்டி ஆறிய பிறகு மீட்டர் வைத்து அளப்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும்.

இரண்டையும் பிரித்தறியப் பெரிய கருவி வேண்டாம்; வண்டி நின்ற அந்த நிமிடத்தை வீணாக்காமல் இருந்தால் போதும். எஞ்சின் நின்றிருக்கும்போதே ஏர் கிளீனரைக் கழற்றி, கார்புரேட்டரின் வாய்க்குள் பார்த்தபடி ஆக்ஸிலேட்டர் லிங்க்கைக் கையால் இழுக்க வேண்டும். பெட்ரோல் இழையாகப் பீய்ச்சினால் கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. காயிலையும் கண்டன்சரையும் சந்தேகிக்கலாம். வறண்டு கிடந்தால் குழாயில் ஆவி அடைத்திருக்கக்கூடும். ஸ்பார்க் டெஸ்டர் வைத்துப் பொறி வருகிறதா என்றும் பார்த்துவிட்டால் தீர்ப்பு உறுதி. ஆவிதான் என்றால் புதுப் பம்ப் வாங்கிப் பயனில்லை. பெட்ரோல் குழாயை எக்ஸாஸ்ட்டிலிருந்து விலக்கிக் கொண்டுபோவதும், கார்புரேட்டருக்கு அடியில் சூடு ஏறாத ஸ்பேசர் வைப்பதும், டேங்குக்குப் பெட்ரோல் திரும்ப ஒரு குழாய் இடுவதும்தான் வேலை செய்யும்.

இதோடு குழப்பிக்கொள்ளும் மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்துக் கால் மணி நேரம் கழித்து வந்தால் ஸ்டார்ட் ஆக மறுக்கும். இங்கே பெட்ரோல் குறையவில்லை, கூடிவிட்டது. எஞ்சின் சூட்டில் கிண்ணத்திலுள்ள பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டுக்குள் வழிந்திருக்கிறது. ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றினால் காற்று நிறையப் போய்ச் சரியாகும். ஆவி அடைப்பு என்று நினைத்து ஆக்ஸிலேட்டரைத் திரும்பத் திரும்ப மிதிப்பவர் இன்னும் பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

பழைய மெக்கானிக்குகள் கார்புரேட்டர் கோளாறு என்று வரும் வண்டியில் முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத்தான் திறப்பார்கள். அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. எட்டு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஓடும்போது ஒரு வினாடிக்கு 400 பொறி வேண்டும். அதாவது ஒரு பொறிக்கு 2.5 மில்லி வினாடி. அதற்குள் பாயிண்ட் மூடியிருக்கும் நேரம் சுமார் ஒன்றரை மில்லி வினாடிதான். காயிலில் மின்னோட்டம் சட்டென்று நிரம்பாது, படிப்படியாகத்தான் ஏறும். பாயிண்ட் இடைவெளி கொஞ்சம் தப்பினாலும் மேல் வேகத்தில் காயில் நிரம்பாமலே பொறி விடும். எஞ்சின் மிஸ் அடிக்கும். ஓட்டுபவருக்கு அது பெட்ரோல் போதாததுபோலவே தோன்றும். 271 குதிரைத்திறன் கொண்ட 'கே' வகை 289-க்கு ஃபோர்டு இரட்டைப் பாயிண்ட் டிஸ்ட்ரிபியூட்டர் கொடுத்தது இந்த நேரத்தை நீட்டத்தான்.

பாயிண்ட்டைத் தூக்கிவிட்டு எலக்ட்ரானிக் மாட்யூல் வைப்பது நல்ல மாற்றம்தான். நானும் அதையே பரிந்துரைப்பேன். ஆனால் ஃபோர்டு வயரிங்கில் ஒரு கண்ணி இருக்கிறது. பாயிண்ட் கருகாமல் இருக்க, சாவியிலிருந்து காயிலுக்குப் போகும் இளஞ்சிவப்பு வயரையே மின்தடையாகச் செய்திருக்கிறார்கள். பார்வைக்குச் சாதாரண வயர், வேலையில் ரெசிஸ்டர். எஞ்சின் ஓடும்போது காயிலுக்கு 12 வோல்ட் முழுதாக வராது. முழு 12 வோல்ட் எதிர்பார்க்கும் மாட்யூலை இந்த வயரில் இணைத்தால் பொறி பலவீனமாகும், சில நேரம் மாட்யூலே தூங்கிவிடும். பழி மாட்யூலின் மேல் விழுகிறது. இதே வயர் இன்னொரு நோய்க்கும் அடையாளம் காட்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது மட்டும் சோலினாய்டு வழியாகக் காயிலுக்கு நேரடி மின்சாரம் கிடைக்கிறது. ஆகவே சாவியைத் திருப்பும்போது எஞ்சின் பிடித்து, சாவியை விட்டதும் அணைந்துவிட்டால், அந்த வயர் அறுந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்து டைமிங். க்ராங்க் ஷாஃப்டின் முன்முனையில் உள்ள டேம்பரின் மீது டிகிரிக் கோடுகள் பொறித்திருக்கும். டைமிங் லைட் அடித்து அந்தக் கோட்டை நம்பித்தான் எல்லோரும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புகிறார்கள். அந்த டேம்பர் இரண்டு துண்டு: நடுக்குடமும் வெளிவளையமும். இடையில் ரப்பர். அரை நூற்றாண்டு எண்ணெயும் சூடும் பட்ட ரப்பர் பிடி விட்டு, வெளிவளையம் மெல்ல நகர்ந்துவிடும். கோடு பொய் சொல்லும். முதல் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டனைத் தடுக்கும் ஸ்டாப்பரை மாட்டி, க்ராங்கைக் கையால் இரு திசையிலும் அது முட்டும்வரை திருப்பி, இரண்டு இடத்திலும் அடையாளம் இட்டால், அவற்றின் நட்டநடுப் புள்ளிதான் உண்மையான மேல்முனை. டேம்பரின் கோடு அதோடு ஒத்துப்போகவில்லை என்றால் அதற்கு மேல் செய்த டைமிங் வேலை அத்தனையும் வீண்.

மலிவான கருவிகளில் எனக்கு மிகப் பிடித்தது வாக்கியூம் கேஜ். மேனிஃபோல்டில் மாட்டினால், ஆரோக்கியமான ஸ்டாக் எஞ்சின் ஐடிலில் 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவில் முள்ளை அசையாமல் நிறுத்தும். முள் அசையாமல் தாழ்ந்து நின்றால் டைமிங் பின்தங்கியிருக்கலாம், அல்லது காற்று எங்கோ கசிந்து உள்ளே போகிறது. சீரான இடைவெளியில் ஒரே அளவு வெட்டி விழுந்தால் ஏதோ ஒரு வால்வு சரியாக மூடவில்லை. பெரிய கேம்ஷாஃப்ட் போட்ட எஞ்சினில் இந்த எண் இயல்பாகவே குறைந்துவிடும். அங்கேதான் சங்கிலித் தொடராகக் கோளாறுகள் கிளம்புகின்றன. ஹோலி கார்புரேட்டரில் பவர் வால்வு என்று ஒன்று உண்டு. வாக்கியூம் ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால், 'எஞ்சின் பாரம் இழுக்கிறது' என்று எடுத்துக்கொண்டு கூடுதல் பெட்ரோல் விடுவது அதன் வேலை. 6.5 என்று எண் பொறித்த வால்வு 6.5 அங்குலத்தில் திறக்கும். புதுக் கேம் காரணமாக ஐடில் வாக்கியூமே 6 அங்குலம் என்றால்? வண்டி சும்மா நிற்கும்போதும் வால்வு திறந்தே இருக்கும். பிளக் கறுக்கும், புகை வரும். இதைப் பார்த்து ஜெட்டைச் சிறியதாக்குபவர், வண்டி ஓடும்போது எஞ்சினைப் பட்டினி போடுகிறார். மாற்ற வேண்டியது பவர் வால்வை மட்டும். ஐடில் வாக்கியூமில் பாதி அளவு எண்ணுள்ளதை எடுப்பது வழக்கம். பவர் பிரேக் இருந்தால் அதுவும் இதே வாக்கியூமை நம்பித்தான் உயிர் வாழ்கிறது என்பதைக் கேம் வாங்குமுன் நினைத்துக்கொள்ள வேண்டும்.

கார்புரேட்டர் அளவில் ஆசைதான் அதிகம் விளையாடுகிறது. 289 எஞ்சின் நான்கு ஸ்ட்ரோக் என்பதால் ஒரு சுற்றுக்குத் தன் கொள்ளளவில் பாதிக் காற்றை இழுக்கும். 6000 சுற்றில் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 502 கன அடி. சிலிண்டர்கள் நூறு சதவீதம் நிரம்புவதில்லை. 85 சதவீதம் என்று கொண்டால் சுமார் 426. 'கே' வகைக்கு ஃபோர்டு வைத்தது 480 கன அடி கார்புரேட்டர். கணக்குக்கு எவ்வளவு நெருக்கம்! கடையில் 750 கிடைக்கிறது, விலையும் ஏறக்குறைய ஒன்றுதான், பெரியது வாங்கினால் என்ன என்று தோன்றும். கார்புரேட்டர் பெட்ரோலைத் தள்ளுவதில்லை. வென்சுரியின் குறுகிய கழுத்தில் காற்று வேகமெடுக்கும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவுதான் பெட்ரோலை இழுத்து வெளியே விடுகிறது. கழுத்து அகலமானால் காற்று சோம்பிப் போகும், இழுப்பு பலவீனமாகும். சிக்னலில் நின்று கிளம்பும்போது வண்டி ஒரு கணம் மூச்சடைத்துப் பிறகு துள்ளுவது இதனால்தான். 1965-இன் ஷெல்பி ஜிடி350-இல் 715 கன அடி ஹோலி இருந்ததே என்று கேட்பார்கள். இருந்தது. கூடவே உயர்ந்த அலுமினிய மேனிஃபோல்டும் எக்ஸாஸ்ட் ஹெடரும் இருந்தன. 306 குதிரைத்திறன் என்று அறிவிக்கப்பட்ட அந்தக் கார் ஓட்டப்பந்தயத்துக்காகப் பிறந்தது. ஒன்றை மட்டும் பிடுங்கி வந்து நட்டால் அதே விளைச்சல் வராது. இன்னொரு கவனிப்பு: நான்கு வாய்க் கார்புரேட்டரை 1.5 அங்குல அழுத்த வேறுபாட்டிலும், இரண்டு வாய் உள்ளதை 3 அங்குலத்திலும் வைத்து அளக்கிறார்கள். இரண்டின் எண்களையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது.

தோற்றத்தில் ஒன்றாகவும் உள்ளே வேறாகவும் இருக்கும் பார்ட்டுகள்தான் இந்த எஞ்சினின் மிகப் பெரிய கண்ணி. 289-இன் குடும்பம் பிறகு 302 ஆகி, 1980-களில் 5.0 என்ற பெயரில் தொடர்ந்தது. பிளாக்கின் உருவம் மாறாததால் பல பார்ட்டுகள் அப்படியே பொருந்தும். பொருந்துவதுதான் ஆபத்து. 289-இன் ஃபயரிங் ஆர்டர் 1-5-4-2-6-3-7-8. அதிக ஆற்றல் கொண்ட 5.0-இன் கேம் 1-3-7-2-6-5-4-8 என்ற வரிசைக்குச் செதுக்கப்பட்டது. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்: 1, 2, 6, 8 சிலிண்டர்கள் ஒரே இடத்தில் இருக்கின்றன; மற்ற நான்கும் இடம் மாறியிருக்கின்றன. புதுக் கேமைப் போட்டுவிட்டுப் பழைய வரிசையிலேயே பிளக் வயர்களை மாட்டினால் நான்கு சிலிண்டர் சரியாகவும் நான்கு தவறான நேரத்திலும் எரியும். எஞ்சின் பிடிக்கவும் செய்யலாம். ஆனால் கார்புரேட்டர் வாயில் வெடிக்கும். மறுபடி கார்புரேட்டர் பழி சுமக்கும். கேமோடு டிஸ்ட்ரிபியூட்டர் பல்சக்கரமும் மாற வேண்டும்: வார்ப்பிரும்புக் கேமுக்கு வார்ப்பிரும்புப் பல், ஸ்டீல் ரோலர் கேமுக்கு ஸ்டீல் பல். தவறி மாட்டினால் பல் தேய்ந்து, அந்தப் பொடி ஆயிலோடு பேரிங்குகளுக்குப் போகும்.

ஃப்ளைவீலில் இந்த ஏமாற்று இன்னும் கொடியது. இந்த எஞ்சின்கள் வெளிச்சமன் முறையைச் சேர்ந்தவை. அதாவது க்ராங்கைச் சமப்படுத்தும் எடையில் ஒரு பகுதி ஃப்ளைவீலிலும் டேம்பரிலும் இருக்கிறது. பழைய 289, 302-க்கு அது 28 அவுன்ஸ்-அங்குலம், 1980-களின் 5.0-க்கு 50. போல்ட் துளை பொருந்தும், க்ளட்ச் பொருந்தும். 28 வேண்டிய இடத்தில் 50 போட்டால் 22 அவுன்ஸ்-அங்குலம் மிச்சம். சிறிய எண்தான். 6000 சுற்றில் அது எவ்வளவு விசையாகிறது என்று கணக்கிட்டால் சுமார் 640 கிலோ எடைக்கு நிகராக வரும். அது வினாடிக்கு நூறு சுற்று சுற்றிச் சுற்றிக் க்ராங்கைப் பிடித்து உலுக்கும். எஞ்சின் மவுண்ட் மாற்றியும் பிளக் மாற்றியும் இந்த அதிர்வு போகாது.

கேம் பற்றிப் பேசும்போது ஆயிலை விட்டுவிட முடியாது. பழைய வகைக் கேமில் ரோலர் கிடையாது. டாப்பெட்டின் அடிமுகம் கேம் மேட்டின் மீது நேராக உரசுகிறது. அடிமுகம் மிக லேசாகக் குவிந்தும், மேடு மிக லேசாகச் சாய்ந்தும் இருப்பதால் டாப்பெட் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும், தேய்மானம் பரவலாகும். அந்த இடத்தில் உலோகத்தைக் காப்பாற்றுவது ஆயிலில் கலந்த துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம். அழுத்தத்திலும் சூட்டிலும் அது மேற்பரப்பில் ஒரு மெல்லிய தியாகப் படலமாகப் படியும். ஆனால் பாஸ்பரஸ் புகையோடு போய் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுப்பதால், புதிய கார்களுக்கான மெல்லிய ஆயில்களில் 2004-இல் அதன் உச்சவரம்பு 0.08 சதவீதமாக இறங்கியது. நல்ல நோக்கம், ஆனால் பழைய கேம்களுக்குப் பாதுகாப்பு குறைந்தது. புதுக் கேம் போட்டால் துத்தநாகம் மிகுந்த ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் ஆனவுடன் 2000 சுற்றுக்கு மேல் இருபது முப்பது நிமிடம் ஓட விட வேண்டும். ஐடிலில் விடக் கூடாது. கேமுக்கு ஆயில் பெரும்பாலும் க்ராங்க் வாரி இறைப்பதில்தான் கிடைக்கிறது. எக்ஸாஸ்ட் மேடு ஒன்று தேய்ந்துவிட்டால் எரிந்த வாயு வெளியேற வழியின்றி, இன்டேக் வால்வு திறக்கும்போது பின்னோக்கிப் பாய்ந்து கார்புரேட்டரில் சுடும். புஷ்ராடுகளின் ஏற்றத்தை டயல் கேஜ் வைத்து ஒவ்வொன்றாக அளந்தால் மற்றவற்றைவிடக் குள்ளமானது காட்டிக்கொடுக்கும்.

சூடேறும் கோளாறில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய பிறகு புதிதாகச் சூடேறத் தொடங்கினால் ரேடியேட்டர் வாங்குவதற்கு முன் ஹெட் கேஸ்கட்டை நினைக்க வேண்டும். இந்த எஞ்சினின் கேஸ்கட்டில் 'முன்' என்று பொறித்திருக்கும். திருப்பிப் போட்டாலும் போல்ட் துளைகள் பொருந்தும். ஆனால் தண்ணீர் பின்பக்கம்வரை போகாமல் முன்பக்கத்திலேயே ஹெட்டுக்கு ஏறித் திரும்பிவிடும். பின் சிலிண்டர்கள் வேகும்.

ஈயம் கலந்த பெட்ரோல் அமெரிக்கச் சாலை வாகனங்களுக்கு 1996 முதல் முற்றிலும் தடை செய்யப்பட்டது. ஈயம் வால்வு இருக்கையின் மேல் படிந்து அதைக் காத்து வந்தது. அது போனதால் ஹெட்டைக் கழற்றி உடனே கடின இருக்கை போட வேண்டும் என்று பயமுறுத்துவதை நான் ஏற்கவில்லை. தேய்மானம் பெரும்பாலும் நீண்ட நேரம் அதிவேகத்தில் ஓடும் எஞ்சினுக்குத்தான். 'கே' வகையில் வால்வு இடைவெளியைக் கையால் சரிசெய்வதால் அதுவே அளவுகோலாகும்: எக்ஸாஸ்ட் இடைவெளி ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தால் இருக்கை அமுங்குகிறது. அப்போது செய்யலாம். எத்தனால் விஷயம் அப்படித் தள்ளிப்போடத்தக்கதல்ல. அது பழைய ரப்பர்க் குழாயை ஊறவைத்து வெடிக்கச் செய்யும். சூடான எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில் ஒழுகும் பெட்ரோல் தீதான். இந்தியாவிலும் இப்போது 20 சதவீதக் கலப்புப் பெட்ரோல் வந்துவிட்டதால், இங்கே பழைய கார் வைத்திருப்பவர்களும் குழாய், டயாஃப்ரம், கேஸ்கட் மூன்றையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுவது நல்லது. அந்தக் காலத்திலேயே செய்து விற்காமல் பெட்டியோடு கிடந்த ஒரிஜினல் பார்ட்டுகளுக்குச் சேகரிப்பாளர்கள் நல்ல விலை கொடுக்கிறார்கள். வார்ப்பிரும்புக்கும் குரோம் பட்டைக்கும் அது தகும். ரப்பருக்குத் தகாது, பெட்டிக்குள் இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும்.

பணம் எங்கே முதலில் போக வேண்டும் என்று என்னைக் கேட்டால், எஞ்சினுக்கு அல்ல. 1966 வரையிலான மஸ்டாங்கில் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை. நான்கு சக்கரத்துக்கும் ஒரே திரவப் பாதை. எங்கோ ஒரு ஹோஸ் வெடித்தால் பெடல் தரை தட்டும். நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. 1967 முதல் ஃபோர்டு இரட்டை அறைக்கு மாறியது. அந்த மாற்றத்தைப் பழைய காரிலும் செய்ய முடியும். அங்கேயும் கணக்கு உண்டு: அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது. 1 அங்குலத் துளைக்குப் பதில் 7/8 அங்குலத் துளை எடுத்தால் அதே மிதிக்கு ஏறத்தாழ 30 சதவீதம் அதிக அழுத்தம்; பதிலுக்குப் பெடல் இன்னும் ஆழம் போகும். முன்சக்கரத்துக்கு டிஸ்க் பொருத்துபவர்கள் மாஸ்டர் சிலிண்டருக்குள் பார்க்க வேண்டிய ஒன்று எஞ்ச அழுத்த வால்வு. டிரம் பிரேக்குக்கு அது சுமார் 10 பிஎஸ்ஐ பிடித்து வைக்கும். டிஸ்க்குக்கு அந்த அழுத்தம் ஆகாது: காலை எடுத்த பிறகும் பேட் தட்டை உரசியபடியே இருக்கும், சக்கரம் கொதிக்கும், வண்டி இழுவையின்றி முனகும். அப்படி முனகும் வண்டிக்குத்தான் பலர் பெரிய கார்புரேட்டர் வாங்குகிறார்கள்.